ஒரே பாட்டு, ஒரே மேடை, ஆளுக்கொரு வழி: 1960 பாரிஸ் கச்சேரி பற்றி ஒரு கேள்வி

வடபழனி கிடார்

எல்லோருக்கும் வணக்கம். பகலில் ஓ.எம்.ஆரில் வேலை, ராத்திரியில் கிடார். ஜாஸ் கேட்க ஆரம்பித்து ரொம்ப காலம் ஆகவில்லை. பலரையும் போல எனக்கும் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’தான் முதல் ஆல்பம். மெட்ரோவில் ஏறியதும் அதைப் போட்டுவிட்டால் ஆலந்தூரில் வண்டி மாறும் வரை மனசு ஒரு நிலையில் இருக்கும்.

போன வாரம் அந்த ஆல்பத்தின் முதல் பாட்டு ‘சோ வாட்’டை பாரிஸ் ஒலிம்பியா அரங்கில் வாசித்த பதிவு கண்ணில் பட்டது. 1960 மார்ச் 21. அதே மைல்ஸ், அந்த ஆல்பத்தில் சாக்ஸபோன் வாசித்த அதே ஜான் கோல்ட்ரேன். ஸ்டுடியோவில் வாசித்து ஒரு வருடம்தான் ஆகியிருக்கிறது, ஆனால் ஆளே மாறிவிட்ட மாதிரி இருக்கிறது. வேகம் எகிறிப்போயிருக்கிறது. மைல்ஸ் வழக்கம் போல இடம் விட்டு, அளந்து வாசிக்கிறார். அடுத்து கோல்ட்ரேன் வந்தாரோ இல்லையோ, கதவு பிய்த்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு சின்னத் துணுக்கை எடுத்து அதையே மேலும் கீழும் புரட்டுகிறார். சாக்ஸ் கிறீச்சிடுகிறது, சில இடங்களில் இரண்டு ஸ்வரம் ஒன்றாக வருகிறது. அதே ராத்திரி வாசித்த ‘பை பை பிளாக்பேர்ட்’டில் கூட்டத்திலிருந்து விசில் சத்தம். நம் ஊரில் சந்தோஷத்துக்கு அடிக்கும் விசில் இல்லை, அங்கே அது எதிர்ப்பு என்று படித்தேன்.

நான் கேட்க வந்தது இதுதான். மேடையில் இவர்கள் இரண்டு பேருக்கும் சண்டையா? ஒரே குழுவில் இருப்பவர்கள் ஆளுக்கொரு திசையில் வளரும்போது அது நேரடிப் பதிவில் எங்கே, எப்படித் தெரியும்? எதைக் கவனித்துக் கேட்க வேண்டும்? இந்த மாதிரி வேறு பதிவுகள் இருந்தால் சொல்லுங்கள். விவரம் தெரிந்தவர்கள் நீளமாக எழுதினாலும் பரவாயில்லை.

பெரம்பூர் டெனர்

தம்பி, நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

நான் டெனர் சாக்ஸ் வாசிப்பவன். கோடம்பாக்கத்தில் சினிமா ரெக்கார்டிங், ஞாயிற்றுக்கிழமை சர்ச், சாயங்காலம் ஹோட்டல், கல்யாண ரிசப்ஷன் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் வாசித்திருக்கிறேன். ஜாஸ் எனக்கு வந்தது பெரம்பூரில் ரயில்வேயில் வேலை பார்த்த ஓர் ஆங்கிலோ-இந்தியப் பெரியவர் மூலமாக. அவர் வீட்டில் ராத்திரி சிற்றலை ரேடியோவில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா ஓடும். வில்லிஸ் கோனோவர் என்பவர் நிறுத்தி நிதானமாக, இங்கிலீஷ் சரியாக வராதவனுக்கும் புரிகிற மாதிரி பேசிவிட்டு இசைத்தட்டைப் போடுவார். அலை ஏறி இறங்கும். பாட்டு போய்ப் போய் வரும். அப்படித்தான் கோல்ட்ரேனை முதலில் கேட்டேன். அந்தப் பெரியவர் சொல்லித் தந்த ஒரு பாடத்தைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்: சோலோ (தனி) வாசிக்கிறவனை ஒரு தடவை கேள், அப்புறம் அவனை விட்டுவிட்டு மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் கேள்.

முதலில் சண்டை விஷயம். சண்டை இல்லை. கோல்ட்ரேனுக்கு அந்த ஐரோப்பியப் பயணத்துக்கு வரவே விருப்பமில்லை. சொந்தமாகக் குழு ஆரம்பிக்கும் முடிவில் இருந்தார். மைல்ஸ்தான் வற்புறுத்தி அழைத்துப் போனார். டிரம்ஸ் வாசித்த ஜிம்மி காப் பின்னாளில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். கோல்ட்ரேன் கையில் வாத்தியங்களும் ஒரு சின்ன விமானப் பையும்தான் இருந்தன, எந்த நிமிடமும் கிளம்பிப் போய்விடுவார் போல இருந்தார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொப்ரானோ சாக்ஸில் (டெனரைவிட மேல் சுருதியில் ஒலிப்பது) கீழை நாட்டு ஸ்கேல்கள் போலச் சில வரிசைகளை வாசித்துக்கொண்டே வந்தார் என்று. அந்த சொப்ரானோவை வைத்துத்தான் அதே வருடம் அக்டோபரில் ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ பதிவு செய்தார். அதாவது, பாரிஸ் மேடையில் டெனருடன் நிற்கும்போதே அவருடைய அடுத்த வாத்தியம் கூடவே பயணம் செய்துகொண்டிருக்கிறது.

இப்போது இசைக்கு வருவோம். ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ பதிவானது 1959 மார்ச், ஏப்ரல். ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’ ஆல்பத்தின் பெரும்பகுதியை கோல்ட்ரேன் பதிவு செய்தது அடுத்த மே மாதம். நடுவில் சில வாரங்கள்தான். ‘சோ வாட்’டில் மொத்தம் இரண்டே ஸ்கேல். டி டோரியனில் பதினாறு பார் (ஒரு பார் என்பது நாலு அடி), அரை ஸ்வரம் மேலே ஏறி எட்டு பார், திரும்பி வந்து எட்டு. டோரியன் என்பது நம் கரஹரப்ரியாவின் ஸ்வரங்கள்தான். மைல்ஸுக்கு அந்த வெட்டவெளி பிடித்திருந்தது. ஒரு ஸ்வரத்தைப் போட்டுவிட்டு அது அடங்கும் வரை காத்திருப்பார். ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’ இதற்கு நேர் எதிர். பி, ஜி, ஈ ஃப்ளாட் என்று மூன்று சுருதிகளுக்குள் பாட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். மூச்சு விடுவதற்குள் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) மாறிவிடும். பாரிஸில் கோல்ட்ரேன் செய்வது, அந்த இரண்டாவது பாட்டின் நெரிசலைக் கொண்டுவந்து முதல் பாட்டின் வெட்டவெளியில் இறக்குவது. கீழே ஒரே ஸ்கேல் அசையாமல் நிற்கிறது; மேலே அவர் மூன்று நான்கு கார்ட்களை அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லப் பார்க்கிறார். சாக்ஸ்காரனாகச் சொல்கிறேன், அந்த இரண்டு ஸ்வரம் சேர்ந்து வரும் சத்தம் தற்செயலாக வந்துவிடாது. விரலை வேறு மாதிரி வைத்து, உதட்டுப் பிடியை மாற்றி, மூச்சை அழுத்தி வரவழைக்க வேண்டும். வீட்டில் மாதக்கணக்கில் உட்கார்ந்து பழகியிருந்தால்தான் அந்த வேகத்தில் மேடையில் வரும்.

அடுத்த நாள், மார்ச் 22, ஸ்டாக்ஹோமில் கார்ல்-எரிக் லிண்ட்கிரென் என்பவர் அவரைப் பேட்டி எடுத்தார். உங்கள் இசை கோபமாக இருக்கிறதாமே என்று கேட்டார். கோல்ட்ரேன் மெதுவான, அடக்கமான குரலில் பதில் சொல்கிறார்: ஒரே நேரத்தில் பலவற்றை முயன்று பார்க்கிறேன், இன்னும் அவற்றைப் பிரித்து ஒழுங்கு செய்யவில்லை, அதனால் அப்படித் தோன்றலாம் என்று. 2018-ல் ‘தி ஃபைனல் டூர்’ என்ற பெயரில் நான்கு குறுந்தட்டுகளாக வந்த அதிகாரபூர்வத் தொகுப்பின் கடைசியில் இந்தப் பேட்டியும் இருக்கிறது. கட்டாயம் கேளுங்கள். ஒலிம்பியாவில் அந்தச் சத்தம் போட்டவர் இவர்தானா என்று நம்பவே முடியாது.

சரி, மற்ற மூன்று பேருக்கு வருவோம். உங்கள் கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். பியானோ விண்டன் கெல்லி, பாஸ் பால் சேம்பர்ஸ், டிரம்ஸ் ஜிம்மி காப். ஸ்டுடியோ ‘சோ வாட்’டில் பியானோ பில் எவன்ஸ், கெல்லி அந்த ஆல்பத்தில் ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ ஒன்றுதான் வாசித்திருக்கிறார். கெல்லி ப்ளூஸில் ஊறியவர்; ஸ்விங்கை, அதாவது ஜாஸின் அந்த ஆடும் நடையை, விட்டுக்கொடுக்கவே மாட்டார். பாரிஸில் கோல்ட்ரேன் ஐந்தாவது நிமிடத்தில் எங்கேயோ போய்விட்டபோதும் சேம்பர்ஸின் நடை அப்படியே இருக்கிறது, காப்பின் ரைடு சிம்பல் (டிரம்ஸில் நடையை ஓட்டும் உலோகத் தட்டு) அப்படியே இருக்கிறது, கெல்லி சின்னச் சின்னதாகக் கார்ட் வைத்துக்கொண்டு தன் இடத்திலேயே இருக்கிறார். யாரும் அவர் பின்னால் போகவில்லை, யாரும் அவரைத் தடுக்கவும் இல்லை. அப்புறம் கெல்லியின் சோலோ வருகிறது பாருங்கள், புழுக்கத்தில் காற்று வந்த மாதிரி கூட்டம் தெளிகிறது. அந்தத் திருப்பத்தைத் தனியாக நான்கைந்து தடவை ஓட்டிக் கேளுங்கள். கோல்ட்ரேன் விட்ட இடத்தைக் கெல்லி தொடுவதே இல்லை. முதலிலிருந்து தன் கதையைத் தொடங்குகிறார். ஒரே குழுவில் இரண்டு காலம் உட்கார்ந்திருப்பது எனக்கு அங்கேதான் கேட்கிறது.

இதை ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், என்னிடம் ஒரு கேசட் இருக்கிறது. எண்பதுகளில் நாங்கள் ஐந்து பேர் ஒரு ஹோட்டல் பாரில் வாசித்துக்கொண்டிருந்தோம். டிரம்பெட், டெனர், பியானோ, பாஸ், டிரம்ஸ். டிரம்ஸ்காரர் திருவல்லிக்கேணிப் பையன். அந்தச் சமயத்தில் மிருதங்கம் கேட்டுக் கேட்டு, கச்சேரி தவறாமல் போய், தனி ஆவர்த்தனத்துக் கோர்வைகளை (தாளக் கணக்குகளை) வாயால் சொல்லிக்கொண்டே திரிவார். பியானோக்காரருக்கு சிந்தசைசர் வந்த புதிது. ரெக்கார்டிங் வேலை குவிந்தது. எதையும் நாலு பாரில் சுருக்கமாகச் சொல்லும் பழக்கம் கைக்கு வந்துவிட்டது. பியானோ மூடி மேல் ஒரு டூ-இன்-ஒன்னை வைத்து நான் பதிவு செய்வேன். ஒரு ராத்திரிப் பதிவில், ப்ளூஸ் நடுவில் டிரம்ஸ்காரர் ஏழேழாகப் பிரித்து ஒரு கோர்வையை ஆரம்பிக்கிறார். முதல் சுற்றில் பியானோ அதைப் பிடிக்கப் பார்க்கிறது. இரண்டாவது சுற்றில் இரண்டு கார்ட்களை அடித்துப் பார்க்கிறது. மூன்றாவதில் கையை எடுத்துவிடுகிறது. மைக் மூடி மேலேயே இருப்பதால் கை எடுத்ததும் பெடல் விடுபடும் ‘டக்’ சத்தம் கூடத் தெளிவாக விழுந்திருக்கிறது. கோர்வை சரியாக வந்து சமத்தில் விழுகிறது. பாஸ்காரர் மட்டும் கூட இருக்கிறார். அந்த ராத்திரி எங்களில் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. சாப்பிட்டுவிட்டு எல்லோரும் ஒரே ஆட்டோவில்தான் வீட்டுக்குப் போனோம். ஆனால் அந்த வருடக் கடைசியில் பியானோக்காரர் முழுநேரம் ரெக்கார்டிங்குக்குப் போய்விட்டார், டிரம்ஸ்காரர் வேறு ஆட்களுடன் சேர்ந்துவிட்டார். இன்றும் இரண்டு பேரும் எனக்கு நண்பர்கள்.

அதனால்தான் சொல்கிறேன்: யார், எந்த இடத்தில், வாசிப்பதை நிறுத்துகிறார் என்று கேளுங்கள்.

அந்தக் காதோடு 1965 கோல்ட்ரேன் குவார்டெட்டுக்குப் போங்கள். பியானோ மெக்காய் டைனர், பாஸ் ஜிம்மி கேரிசன், டிரம்ஸ் எல்வின் ஜோன்ஸ். நியூயார்க் ஹாஃப் நோட் கிளப்பிலிருந்து ரேடியோவில் ஒலிபரப்பானதை 2005-ல் ‘ஒன் டவுன், ஒன் அப்’ என்று வெளியிட்டார்கள். தலைப்புப் பாட்டில் பியானோவும் பாஸும் ஒதுங்கிக்கொள்ள, கோல்ட்ரேனும் எல்வினும் மட்டும் பத்து நிமிடத்துக்கு மேல் நேருக்கு நேர் வாசிக்கிறார்கள். அப்புறம் அதே வருடம் அக்டோபர் 2, சியாட்டில் பென்ட்ஹவுஸ் கிளப். ‘எ லவ் சுப்ரீம்’ முழுவதும். ஸ்டுடியோவில் முப்பத்து மூன்று நிமிடம் இருந்தது அங்கே ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறது. குழுவில் சாக்ஸுக்கு ஃபாரோ சாண்டர்ஸ், கார்லோஸ் வார்ட், இரண்டாவது பாஸுக்கு டொனால்ட் ரஃபேல் காரெட் என்று புது ஆட்கள். ஜோ பிரேசில் என்ற உள்ளூர் சாக்ஸ் கலைஞர் டேப்பில் பதிவு செய்து தன்னிடமே வைத்திருந்தார். 2021-ல்தான் வெளியே வந்தது. மைக் இருந்த இடத்தால் டிரம்ஸ் பெரிதாகவும் சாக்ஸ் சற்றுத் தள்ளியும் கேட்கும். என்னைக் கேட்டால் அதுவே ஒரு வரம். எல்வின் இருக்கும் இடத்திலிருந்து அந்தக் குழுவைக் கேட்கிற வாய்ப்பு வேறு எதில் கிடைக்கும்? ‘பர்சூயன்ஸ்’ பகுதியில் மெக்காயின் சோலோவைக் கேளுங்கள். தனக்கு இடம் கிடைத்ததும் எவ்வளவு உறுதியாக வாசிக்கிறார். அந்த வருடம் முடிவதற்குள் அவர் விலகிவிட்டார். அந்தச் சத்தத்துக்குள் தன் பியானோ தனக்கே கேட்கவில்லை என்பது அவர் சொன்ன காரணம். 1966 தொடக்கத்தில் எல்வினும் போய்விட்டார்.

மயிலை வயலின்

பெரம்பூர் சார், அந்த கேசட் விஷயத்தைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் இதைத் தினமும் பார்க்கிறோம். நான் பக்கவாத்தியம் வாசிப்பவள். பாடகர் நிரவலில் (ஒரே வரியை விரித்து விரித்துப் பாடும்போது) ஒரு சங்கதி போட்டுவிட்டு என் பக்கம் திரும்பும்போது நான் அதை எடுக்கிறேனா, என் வழியில் போகிறேனா என்பதை மிருதங்கம் வாசிப்பவர்தான் முதலில் கண்டுபிடிப்பார். என் வில் நீளமாகப் போகிறது என்று தெரிந்தால் அவர் தாளச் சொற்களைக் குறைத்துக்கொண்டு காத்திருப்பார். சபாவில் முன்வரிசைக்குக் கூட அது தெரியாது. வீட்டுக்கு வந்து பதிவைப் போட்டால் பளிச்சென்று தெரியும்.

கிடார் தம்பிக்கு நான் ஒன்று சேர்க்கிறேன். ‘சக்தி’ குழுவின் முதல் ஆல்பம், 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நேரடியாகப் பதிவானது. ஜான் மெக்லாஃப்லின் கிடார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம், ராமநாதபுரம் ராகவன் மிருதங்கம். நீங்கள் கேட்டதற்கு இது மறுபக்கம். எங்கெங்கோ வளர்ந்தவர்கள் ஒரு மேடையில் வந்து சேர்கிறார்கள். மெக்லாஃப்லின் அதற்கு முன்னால் மைல்ஸுடன் வாசித்தவர், மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திறந்துவிட்டு வாசித்தவர். இங்கே அக்கூஸ்டிக் கிடாருடன் தரையில் உட்கார்ந்துவிட்டார். நீங்கள் கிடார் என்பதால் சொல்கிறேன்: சங்கரின் கமகத்துக்கு அவர் தந்தியை இழுத்துப் பதில் சொல்லும் இடங்களை மட்டும் பொறுக்கிக் கேளுங்கள். ஒருத்தர் தன் கையை மாற்றிக்கொள்வது எப்படி இருக்கும் என்று தெரியும்.

சார், ஒரு சந்தேகம். ஹாஃப் நோட்டில் பியானோவும் பாஸும் ஒதுங்குவதை நீங்கள் பிரிவாக எடுக்கிறீர்கள். எனக்கு அது தனி ஆவர்த்தனத்துக்கு இடம் விடும் மரியாதையாகவும் படுகிறது. இரண்டும் எப்படி வேறுபடுகின்றன?

அடையாறு ரீல்

வயலின் மேடம் கேட்டதையே நான் கொஞ்சம் கடுமையாகக் கேட்கிறேன். முடிவு நமக்குத் தெரியும். மெக்காய் போய்விட்டார், கோல்ட்ரேன் தனிக் குழு ஆரம்பித்தார், எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. தெரிந்துகொண்டு கேட்டால் ஒவ்வொரு மௌனமும் பிரிவாகத்தான் கேட்கும். முடிவு தெரியாமல் கேட்டால் அதே இடம் சாதாரணமாகப் போய்விடும்.

உதாரணம் சொல்கிறேன். 1965 டிசம்பர் 22, 23. சிகாகோவில் பிளக்ட் நிக்கல் கிளப். மைல்ஸுடன் சாக்ஸ் வேய்ன் ஷார்ட்டர், பியானோ ஹெர்பி ஹான்காக், பாஸ் ரான் கார்ட்டர், டிரம்ஸ் டோனி வில்லியம்ஸ். டோனிக்கு அப்போதுதான் இருபது வயது நிறைந்திருந்தது. எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக வாசிப்போம் என்று யோசனை சொன்னது அவர்தான். ஏறவேண்டிய இடத்தில் அடங்க வேண்டும், அடங்க வேண்டிய இடத்தில் ஏற வேண்டும். மைல்ஸுக்குச் சொல்லவில்லை. கிளப்புக்குப் போனால் ரெக்கார்டிங் சாமான்கள் தயாராக இருக்கின்றன. ஹெர்பி இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். மைல்ஸ் அந்த வருடம் இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து வந்திருந்தார். அந்த எட்டு குறுந்தட்டுகளை முடிவு தெரியாத ஒருவரிடம் கொடுத்தால், இந்தக் குழு அடுத்த வாரம் உடைந்துவிடும் என்றுதான் சொல்லுவார். பியானோ பாட்டுப் பாட்டாகக் காணாமல் போகிறது. தாளம் நடுவில் கரைந்துவிடுகிறது. ஆனால் உடையவில்லை. அதற்கப்புறம் 1968 வரை சேர்ந்திருந்தார்கள். அவர்களுடைய நல்ல ஸ்டுடியோ ஆல்பங்கள் பலவும் அதற்குப் பின்னால் வந்தவைதான். அப்போது நிறுத்துவதை வைத்து எதைத் தீர்மானிக்க முடியும்?

பெரம்பூர் டெனர்

இரண்டு பேரும் சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். சேர்த்தே பதில் சொல்கிறேன்.

பிளக்ட் நிக்கல் பதிவை நான் எவ்வளவோ தடவை கேட்டிருக்கிறேன். அங்கே ஒருவர் நிறுத்தியதும் அடுத்தவரிடம் ஏதோ ஒன்று மாறுகிறது. அதுதான் என் அளவுகோல். ஹெர்பி கையை எடுத்த மறு நொடி ரான் கார்ட்டர் வேறு ஸ்வரத்தைத் தேர்ந்தெடுக்கிறார். டோனி சிம்பலை விட்டுவிட்டு ஸ்னேர் டிரம்முக்கு வந்தால், ஷார்ட்டர் வாசித்துக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு அந்த அடியிலிருந்தே புது வாக்கியம் தொடங்குகிறார். மௌனத்துக்கு பதில் வருகிறது. அவர்கள் விலகிப் போவது ஒருவரை விட்டு ஒருவர் இல்லை, கையில் இருந்த பாட்டுகளை விட்டு. ‘ஸ்டெல்லா பை ஸ்டார்லைட்’, ‘வாக்கின்’ எல்லாம் மைல்ஸ் பல வருடங்களாக வாசித்தவை. ஸ்டுடியோவில் புதுப் பாட்டு, மேடையில் பழைய பாட்டு என்று அந்தக் குழு ஓடிக்கொண்டிருந்தது. அந்த வயதுப் பையன்களுக்குப் பழைய சட்டை பற்றவில்லை, நால்வரும் ஒன்றாகவே கிழித்தார்கள். மைல்ஸைத்தான் அங்கே ஆச்சரியமாகக் கேட்க வேண்டும். உடம்பு முடியாமல் சில இடங்களில் ஸ்வரம் தவறுகிறது, ஆனாலும் அவர்கள் போட்ட சிக்கலுக்குள் தலையைக் கொடுத்து வழி தேடுகிறார்.

பாரிஸில் கெல்லி பதில் சொல்லவில்லை. சியாட்டிலில் மெக்காயின் நிலைமை வேறு. பதில் சொல்ல அவருக்கு இடமே இல்லை.

ஹாஃப் நோட் பற்றி மேடம் கேட்டது நியாயம். மார்ச், மே மாதங்களில் அது மரியாதைதான். அந்தக் குழுவில் அது வழக்கமாகவே இருந்தது. டூயட் முடிந்து பியானோ திரும்பி வந்ததும் கோல்ட்ரேன் விட்ட சுருதியை மெக்காய் எடுத்துக்கொள்கிறார். அக்டோபருக்குள் நிலைமை மாறிவிடுகிறது. அதனால்தான் ஒரு பதிவை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது என்பேன். ஒரே பாட்டை, ஒரே குழுவை, வெவ்வேறு ராத்திரிகளில் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். 

இதற்கு நேரடிப் பதிவை விட்டால் வேறு வழி இல்லாத ஒரு குழு உண்டு. 1969-ல் மைல்ஸுடன் ஷார்ட்டர், எலெக்ட்ரிக் பியானோ சிக் கொரியா, பாஸ் டேவ் ஹாலண்ட், டிரம்ஸ் ஜாக் டிஜானெட். அந்த ஐந்து பேர் மட்டும் சேர்ந்து ஸ்டுடியோவில் ஓர் ஆல்பம் போடவே இல்லை. ‘லைவ் இன் யூரோப் 1969’ தொகுப்பு 2013-ல் வந்தது. மைல்ஸ் ராக், ஃபங்க் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த ஆகஸ்டில்தான் ‘பிட்சஸ் ப்ரூ’ பதிவு. அவர் தன் பங்கை வாசித்து முடிக்கும் வரை கொரியாவும் ஹாலண்டும் கூடவே இருக்கிறார்கள். அவர் டிரம்பெட்டை இறக்கியதும் தாளக்கட்டு அவிழ்ந்துவிடுகிறது. எலெக்ட்ரிக் பியானோ உறுமுகிறது, பாஸ் வில்லால் இழைகிறது, இரண்டு பேரும் சுருதியை விட்டே போய்விடுகிறார்கள். மைல்ஸ் திரும்பி வந்து ஒரு துணுக்கை ஊதியதும் எல்லோரும் வீடு திரும்புகிறார்கள். 1970-ல் கொரியாவும் ஹாலண்டும் விலகி சாக்ஸ் ஆன்டனி பிராக்ஸ்டன், டிரம்ஸ் பாரி ஆல்ட்ஷுலுடன் ‘சர்க்கிள்’ குழுவை ஆரம்பித்தார்கள். 1971 பிப்ரவரியில் அவர்கள் பாரிஸில் வாசித்த பதிவைக் கேட்டால், 1969-ல் மைல்ஸ் வாசிக்காத நிமிடங்கள் மட்டும் தனியாக வளர்ந்து ஒரு முழுக் கச்சேரி ஆன மாதிரி இருக்கும். முடிவு தெரிந்து கேட்பதால் அப்படித் தோன்றுகிறது என்று ரீல் அண்ணன் சொல்லலாம். ஆனால் அந்த நிமிடங்கள் டேப்பில் இருக்கின்றன, நாம் கொண்டுபோய் வைக்கவில்லை.

அடையாறு ரீல்

ஒத்துக்கொள்கிறேன். ‘பதில் வருகிறதா’ என்பது நல்ல அளவுகோல். அதை வைத்து பாஸ் கலைஞர் சார்ல்ஸ் மிங்கஸின் 1964 ஏப்ரல் ஐரோப்பியப் பயணத்தையும் கேட்கலாம். அவர் குழுவில் சாக்ஸ் வாசித்த எரிக் டால்ஃபி ஊர் திரும்பப்போவதில்லை, ஐரோப்பாவிலேயே இருக்கப்போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். மிங்கஸ் அதற்கென்றே ‘சோ லாங் எரிக்’ வாசிக்கிறார். ஏப்ரல் 12 ஆஸ்லோ கச்சேரி வீடியோவாகவே கிடைக்கிறது. போகிறவரும் விடுகிறவரும் அவ்வளவு அன்போடு, அவ்வளவு சூடாக வாசித்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த ஜூன் 29 அன்று டால்ஃபி பெர்லினில் இறந்துவிட்டார். அங்கே பிரிவு வெளிப்படையாகவே இருக்கிறது, இருந்தாலும் இசையில் பதில் வந்துகொண்டே இருக்கிறது.

வடபழனி கிடார்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி ஹெட்ஃபோன் போட்டு உட்கார்ந்து, சார் சொன்னபடி பாரிஸ் ‘சோ வாட்’டில் கோல்ட்ரேனை விட்டுவிட்டுக் கேட்டேன். ஜிம்மி காப்பின் ரைடு சிம்பல் எவ்வளவு சீராக இருக்கிறது என்று இதுவரை கவனித்ததே இல்லை. கெல்லி சோலோ ஆரம்பிக்கும் இடத்தில் நீங்கள் சொன்ன அந்தத் திருப்பமும் கேட்டது. அப்புறம் மனசு கேட்காமல் கோல்ட்ரேனையும் திரும்பக் கேட்டேன். முதல் தடவை கத்தலாக இருந்தது. இப்போது, ஒரு வாக்கியத்தைத் திருத்தித் திருத்திச் சொல்லிப் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

அந்தப் பயணத்தில் அடுத்து நான் கேட்க வேண்டியது ஸ்டாக்ஹோமா, கோபன்ஹேகனா? அப்புறம் ஒரு ஆசை. அந்த கேசட்டை எங்களுக்கும் கேட்கத் தருவீர்களா?

பெரம்பூர் டெனர்

ஸ்டாக்ஹோம் முதலில், அப்புறம் மார்ச் 24 கோபன்ஹேகன். ‘சோ வாட்’ இரண்டிலும் இருக்கிறது, அதை மட்டும் வரிசையாகக் கேளுங்கள். ‘ஆல் ப்ளூஸ்’ கோபன்ஹேகனில் கேளுங்கள். கெல்லிக்குச் சொந்த மண் அது. கோல்ட்ரேன் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தாலும், அந்தப் பாட்டில் மற்ற மூன்று பேருக்காகத்தான் நான் திரும்பத் திரும்பப் போகிறேன். கெல்லியும் சேம்பர்ஸும் காப்பும் மைல்ஸை விட்டு வந்த பிறகும் மூன்று பேராகச் சேர்ந்தே வாசித்தார்கள் என்பது ஏன் என்று அதில் புரியும்.

கேசட்டில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. வடபழனியில் டேப் சுத்தம் செய்து டிஜிட்டலாக மாற்றித் தருகிற ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன். மற்ற நால்வரிடமும் கேட்டுவிட்டு, அவர்கள் சரி என்றால் இங்கேயே போடுகிறேன். டிரம்ஸ்காரரிடம் நேற்றே போனில் பேசிவிட்டேன். அந்தக் கோர்வையை இன்னும் வாயால் சொல்கிறார்.